22 வருஷம் கழிச்சு வாசலுக்கு வந்த ‘மகன்’... நம்பலாமா? எப்படிச் சரிபார்ப்பது?

காவி உடுத்திய இளைஞர் ஒருவர் சாரங்கி வாசித்தபடி பாடுகிறார். எதிரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறார் ஒரு பெண். 2024 பிப்ரவரியில் பலருடைய போனுக்கும் வந்துபோன வீடியோ இது. 22 வருஷத்துக்கு முன் காணாமல்போன மகன் துறவியாகத் திரும்பி வந்து பெற்ற தாயிடமே பிச்சை கேட்கிறார் என்று சொல்லித்தான் அதைப் பகிர்ந்தார்கள். பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். சில நாள்களிலேயே அடுத்த செய்தி வந்தது: அவர் அந்த மகனே இல்லை.

இதைக் கேட்டதும் ‘பெத்த பிள்ளையைக்கூடவா அடையாளம் தெரியாது?’ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பிள்ளையைத் தொலைத்த வீட்டில் இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமானது இல்லை.

அமேதியில் என்ன நடந்தது?

உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் உள்ள கரௌலி கிராமத்தைச் சேர்ந்த தம்பதி அவர்கள். வசித்தது டெல்லியில். 2002-ல், கோலி விளையாடியதற்காகத் திட்டு வாங்கிய 11 வயது மகன் வீட்டைவிட்டுப் போனான். திரும்பவே இல்லை.

2024 ஜனவரி கடைசியில் ஒரு ஜோகி, அதாவது சாரங்கி வாசித்துப் பாடிப் பிச்சை எடுக்கும் துறவி, சொந்த ஊரான கரௌலிக்கு வந்தார். தான்தான் அந்தப் பையன் என்றார். ஊர்க்காரர்கள் டெல்லிக்குத் தகவல் சொல்ல, பெற்றோர் ஓடி வந்தார்கள். அவர் வயிற்றில் இருந்த தழும்பைப் பார்த்த அம்மா, மகன்தான் என்று நம்பினார்.

‘அம்மா கையால் பிச்சை வாங்கினால்தான் என் துறவு முழுமையாகும்’ என்பது அவர் சொன்ன காரணம். கிராமமே சேர்ந்து 13 குவிண்டால் தானியம் கொடுத்து அனுப்பியது. தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று அப்பா ஒரு போனும் வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் அந்த போனிலிருந்தே அழைப்பு வந்தது. வீட்டுக்கு வந்துவிட ஆசை, ஆனால் ஜார்க்கண்டில் உள்ள மடத்துக்குப் பல லட்சம் கட்டினால்தான் விடுவார்கள் என்றார். அப்பா ஊரில் இருந்த நிலத்தை 11.2 லட்சம் ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்தார். பணத்தை நேரில் கொண்டுவந்து மடத்தில் கட்டுகிறேன் என்று அவர் சொன்னதும்தான் பேச்சு மாறியது. நேரில் வர வேண்டாம், அக்கவுன்ட்டில் போட்டால் போதும் என்றார் அந்த ‘மகன்’. விசாரித்தபோது, அவர் சொன்ன பெயரில் அப்படி ஒரு மடமே இல்லை. போலீஸுக்குப் போனார் அப்பா. வந்தவர் கோண்டா மாவட்டத்தைச் சேர்ந்த வேறொருவர் என்று காவல்துறை கண்டுபிடித்தது.

பாட்டு செய்த பாதி வேலை

இதில் கவனிக்க வேண்டியது, அவர் பாடிய பாட்டு. வட இந்திய ஜோகிகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் கதைகளில் ஒன்று ராஜா பர்த்தரியின் கதை. துறவியான அரசன் தன் அரண்மனை வாசலுக்கே வந்து, மனைவியையே ‘அம்மா’ என்று அழைத்துப் பிச்சை கேட்கும் இடம்தான் அதன் உச்சம். பட்டினத்தாரின் சீடராகத் தமிழில் சொல்லப்படும் பத்திரகிரியாரும் இந்த பர்த்தரிதான் என்பது மரபு. சொந்த ஊரிலேயே பிச்சைக்கு வந்து நிற்கும் துறவி, நமக்கும் தெரிந்த ஆள்தான்.

இந்தக் கதையோடு வளர்ந்த ஊரில், காவியும் சாரங்கியுமாக ஒருவர் வந்து ‘அம்மா, பிச்சை’ என்றால் அவர் எதையும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஏன் இத்தனை வருஷம் வரவில்லை? துறவி ஆகிவிட்டார். ஏன் வீட்டில் தங்க மாட்டேன் என்கிறார்? துறவி ஆகிவிட்டார். ஏன் முகம் மாறியிருக்கிறது? 22 வருஷம் ஆயிற்றே. எல்லாக் கேள்விக்கும் கதையிலேயே பதில் இருக்கிறது.

தழும்பு சாட்சி ஆகுமா?

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் உள்ள முர்காவன் கிராமத்தில் நடந்தது இதைவிட நீண்ட கதை. 1977 பிப்ரவரியில், பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு ஜமீன்தாரின் ஒரே மகன் காணாமல்போனான். 1981-ல் பக்கத்து ஊருக்கு ஒரு இளைஞர் வந்தார். பாட்டுப் பாடிப் பிச்சை எடுப்பதுதான் தொழில் என்றார். ஜமீன்தாரின் மகன் அவர்தான் என்று பேச்சு பரவியது. வயதாகிப் பார்வை மங்கியிருந்த அப்பா, ஊர் சொன்னதை நம்பி வீட்டுக்கு அழைத்துப்போனார்.

சில நாளில் ஊர் திரும்பிய அம்மா, ‘இவன் என் பையன் இல்லை’ என்றார். மகனின் தலையில் வெட்டுக்காயத் தழும்பு இருந்தது, வந்தவர் தலையில் அது இல்லை. பள்ளிக்கூட ஆசிரியரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மா போலீஸில் புகார் கொடுத்தார்.

ஆனால் வழக்கு நகரவே இல்லை. வந்தவர் அந்த வீட்டிலேயே மகனாக இருந்து படித்தார், கல்யாணம் செய்துகொண்டார், சொத்தையும் அனுபவித்தார். டிஎன்ஏ பரிசோதனைக்குக் கேட்டபோது மறுத்தார். 2022-ல்தான் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 7 ஆண்டு சிறை விதித்தது. அதற்குள் 41 வருஷம் ஓடிவிட்டது. முதல் நாளிலிருந்து உண்மையைச் சொன்ன அம்மா அந்தத் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை.

அமேதியில் தழும்பு இருந்ததால் ஒரு தாய் நம்பினார். நாளந்தாவில் தழும்பு இல்லாததால் ஒரு தாய் மறுத்தார். இரண்டுக்கும் எடை ஒன்றல்ல. வயிற்றிலோ முழங்காலிலோ ஏதோ ஒரு தழும்பு ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும். ஆகவே இருக்கும் தழும்பு பெரிதாக எதையும் நிரூபிக்காது. மறையவே வாய்ப்பில்லாத ஆழமான தழும்பு இல்லாமல் போனால்தான் அது கேள்வி.

இன்னொரு விஷயம், அடையாளத்தை யார் முதலில் சொன்னது என்பது. ‘உனக்கு வயித்துல ஒரு தழும்பு இருக்குமே?’ என்று கேட்டாலே விடை போய்ச் சேர்ந்துவிட்டது. அழும் வீட்டில் யாரும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. அத்தை ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்வார். கேட்டதை அரை மணி நேரம் கழித்துத் திருப்பிச் சொன்னால் போதும், ‘பாரு, ஞாபகம் வெச்சிருக்கான்’ ஆகிவிடும்.

பணம் கேட்கவே இல்லை என்றால்?

ஏமாற்றுபவர் கட்டாயம் பணம் கேட்பார் என்றும் இல்லை. 2024 கடைசியில் காஜியாபாத்தில் ஒருவர் காவல் நிலையத்துக்கே வந்து, 31 வருஷத்துக்கு முன் தன்னைக் கடத்திக்கொண்டுபோய் ராஜஸ்தானில் அடைத்துவைத்ததாகச் சொன்னார். செய்தி பரவியது. மகனைத் தொலைத்த ஒரு குடும்பம் வந்து அழைத்துச் சென்றது. பிறகுதான் தெரிந்தது, சில மாதங்களுக்கு முன் இதே நபர் டேராடூனில் வேறொரு குடும்பத்தில் வேறொரு பெயரில் மகனாக இருந்திருக்கிறார். பல மாநிலங்களில் பல குடும்பங்களோடு இப்படித் தங்கியவர் என்று சொல்லி 2024 டிசம்பரில் போலீஸ் அவரைக் கைது செய்தது.

இவர் நிலத்தை விற்கச் சொல்லவில்லை. சாப்பாடு, படுக்க இடம், பாசம் எல்லாம் கிடைத்தன. அதற்கும் ஒரு விலை உண்டு. வந்த ‘மகன்’ போன பிறகு, அந்தப் பெற்றோர் இரண்டாவது தடவை பிள்ளையைத் தொலைக்கிறார்கள்.

படித்தவர்கள் ஏமாற மாட்டார்களா?

1997-ல் ஃபிரெடெரிக் பூர்தன் என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர், அமெரிக்காவின் டெக்சாஸில் 3 வருஷத்துக்கு முன் காணாமல்போன பதின்வயதுப் பையன் தான்தான் என்றார். பேச்சில் பிரெஞ்சு வாடை, காணாமல்போன பையனுக்கு நீலக் கண், இவருக்குப் பழுப்புக் கண். ஆனாலும் குடும்பம் ஏற்றுக்கொண்டது. சில மாதங்கள் அவர்களோடே இருந்தார். ஒரு தனியார் துப்பறிவாளருக்குக் காது வடிவத்தில் சந்தேகம் வர, கைரேகையும் டிஎன்ஏவும் 1998-ல் உண்மையை உடைத்தன. ‘தி இம்போஸ்டர்’ என்ற ஆவணப்படம் இதைப் பற்றியதுதான்.

ஆகவே இது படிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசி, இந்த நிலைக்கு ‘முடிவு தெரியாத இழப்பு’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இறந்தவருக்குக் காரியம் செய்யலாம், திதி கொடுக்கலாம், ஒரு கட்டத்தில் மனசு ஆறும். காணாமல்போனவருக்கு எதுவும் செய்ய முடியாது. படத்துக்கு மாலை போட்டால் குற்ற உணர்ச்சி, போடாவிட்டால் தினமும் எதிர்பார்ப்பு. வீடு மாறக்கூட யோசிப்பார்கள், வந்தால் எங்கே தேடுவான் என்று. அப்படிக் காத்திருப்பவருக்கு ‘நான்தாம்மா’ என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதைப் புரிந்துகொண்டால், ‘எப்படி ஏமாந்தாங்க?’ என்று கேட்கத் தோன்றாது.

நிஜமாகவே திரும்பி வருபவர்களும் உண்டு

வந்தவரை எல்லாம் விரட்டவும் முடியாது. ‘லயன்’ படம் பார்த்தவர்களுக்கு சரூ பிரையர்லியைத் தெரியும். 1986-ல் 5 வயதில் ரயிலில் தவறிப்போய் கொல்கத்தா வந்து சேர்ந்தவர். ஆஸ்திரேலியக் குடும்பம் ஒன்று தத்தெடுத்தது. வளர்ந்த பிறகு, ஸ்டேஷன் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி, பாலம் என்று நினைவில் இருந்த துண்டு துண்டான காட்சிகளை வைத்து கூகுள் எர்த்தில் தேடி, மத்தியப்பிரதேசத்தின் காண்ட்வாவைக் கண்டுபிடித்து, 2012-ல் அம்மாவைச் சந்தித்தார். அவரை வழிநடத்திய நினைவுகள் அவரிடமே இருந்தன. மற்றவர்கள் எடுத்துக்கொடுத்தவை அல்ல. போலிக்கும் நிஜத்துக்கும் இதுதான் பெரிய வித்தியாசம்.

டிஎன்ஏ இல்லாத காலத்தில் இந்த வித்தியாசத்தை நிரூபிக்க எவ்வளவு காலம் ஆனது என்பதற்கு வங்காளத்தின் பாவல் ஜமீன் வழக்கு உதாரணம். 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ராமேந்திர நாராயண் ராய், 1920-களின் தொடக்கத்தில் சாம்பல் பூசிய சந்நியாசியாக டாக்காவில் தோன்றினார். அவர் மனைவி கடைசிவரை ஏற்கவில்லை. 1930-ல் தொடங்கிய வழக்கு, 1946-ல் லண்டன் ப்ரிவி கவுன்சில் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோதுதான் முடிந்தது. 16 வருஷம்! தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே அவர் இறந்துபோனார்.

இதற்கு நேர் எதிர், இலங்கையின் கல்முனை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சேற்றிலிருந்து மீட்ட ஒரு கைக்குழந்தை, அன்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 81-வது என்பதால் ‘பேபி 81’ என்று உலகம் முழுக்க அறியப்பட்டது. பலர் உரிமை கோருவதாகச் செய்தி வந்தது. ஒரு தமிழ்த் தம்பதி அது தங்கள் பிள்ளை என்று நீதிமன்றம் போனது. பொறுமையிழந்து மருத்துவமனைக்குள் புகுந்து குழந்தையைத் தூக்க முயன்றதும் நடந்தது. நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில், இவர்கள்தான் பெற்றோர் என்று முடிவு வந்தது. குழந்தை தாயின் மடிக்குப் போனது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டிஎன்ஏ பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்?

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தாலே போதும். மரபணுவில் ஆளுக்கு ஆள் வேறுபடும் குறிப்பிட்ட சில இடங்களை எடுத்து ஒப்பிடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ஒரு பாதி, அப்பாவிடமிருந்து ஒரு பாதி வந்திருக்க வேண்டும். பல இடங்களில் அது பொருந்தவில்லை என்றால் அவர் அந்தப் பிள்ளை இல்லை. அப்பா அம்மா உயிரோடு இல்லாவிட்டாலும், உடன்பிறந்தவர்களை வைத்து ஓரளவு சொல்ல முடியும். போலீஸ், நீதிமன்ற வழக்குகளுக்கு சென்னை மயிலாப்பூரில் உள்ள தடய அறிவியல் துறை இருக்கிறது.

நம்ம ஊர் வாசலுக்கு வந்தால்?

ஜி.எஸ்.டி சாலையில் மேல்மருவத்தூரைத் தாண்டினால் வரும் அச்சரப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். முப்புரம் எரிக்கப் புறப்பட்ட சிவன், முதலில் பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் தேரின் அச்சு இற்றுப்போன இடம் என்பது ஊர்ப் பெயருக்குச் சொல்லும் புராணக் கதை. முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊர்ப் பெயரே சொல்கிறது. அப்படி முதலில் செய்ய வேண்டியவை இவை:

1. சாப்பாடு போடலாம், விவரம் போடக் கூடாது. வந்தவரை உட்காரவைத்துப் பேசவிடுங்கள். ‘உனக்கு என்ன ஞாபகம் இருக்கு?’ என்று மட்டும் கேளுங்கள். பெயர், தழும்பு, பள்ளிக்கூடம் எதையும் நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

2. அவர் சொல்வதை எழுதிவையுங்கள். முடிந்தால் அவருக்குத் தெரிந்தே போனில் பதிவு செய்யுங்கள். உறவினர்கள் வந்து பேசுவதற்கு முன் சொன்னது எது, பின் சொன்னது எது என்பதுதான் முக்கியம்.

3. காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். பழைய ‘காணவில்லை’ புகார் சென்னையில் இருந்தாலும் சரி, அச்சரப்பாக்கம் போலீஸில் சொல்லலாம். வந்தவர் நிஜ மகன் என்றாலும் அந்தப் புகாரை முடிக்க இது தேவை. ஸ்டேஷன் என்றதும் கிளம்பத் துடித்தால் காரணம் கேளுங்கள்.

4. டிஎன்ஏ முடிவு வரும்வரை பணம் வேண்டாம். நிலம், நகை, யுபிஐ, எதுவும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதும் வேண்டாம். தனியார் ஆய்வகம் என்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் பாருங்கள். மாதிரியை ஆய்வக ஊழியரே எடுக்க வேண்டும்.

5. வீடியோவைப் பகிர்வதில் நிதானம். ‘காணவில்லை’ பதிவு போடும்போதும் எல்லா அங்க அடையாளத்தையும் கொட்டாதீர்கள். ஒன்றையாவது குடும்பத்துக்கும் போலீஸுக்கும் மட்டும் தெரிந்ததாக வையுங்கள்.

பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே 1930. குழந்தை காணாமல்போனால் 1098 அல்லது 112. இலவச சட்ட உதவிக்கு 15100. மனசு தாங்கவில்லை என்றால் டெலி மனாஸ் 14416.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்னொருவராக நடித்து ஏமாற்றினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 319-ன்படி 5 ஆண்டு வரை சிறை. ஏமாற்றிப் பணமோ சொத்தோ வாங்கினால் பிரிவு 318(4)-ன்படி 7 ஆண்டு வரை. குழந்தை காணவில்லை என்ற புகார் வந்தால், கடத்தல் என்ற அனுமானத்தோடு எஃப்ஐஆர் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. 7 வருஷம் எந்தத் தகவலும் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது சாட்சிய சட்டம். சொத்து வழக்குகளில் நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனையை எடுத்த எடுப்பில் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒருவர் மறுப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும்.

சந்தேகம் வேறு, அடி வேறு

ஒரு ஆள் ஏமாற்றினார் என்பதற்காக, வாசலுக்கு வரும் குடுகுடுப்பைக்காரரும் பூம்பூம் மாட்டுக்காரரும் திருடர்கள் ஆகிவிட மாட்டார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததால் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில், பிச்சை கேட்டுவந்த நாடோடி இனத்தவர் 5 பேர் இதே வதந்திக்குப் பலியானார்கள். விசாரிக்க வேண்டியது போலீஸ். ஊர் கூடித் தீர்ப்பு சொல்லக் கூடாது.

சோதனை என்பது அவமானமா?

பல குடும்பங்கள் தயங்கும் இடம் இது. ‘பெத்த பிள்ளைகிட்ட போய் டெஸ்ட் எடுக்கலாமான்னு சொல்றதா?’ உள்ளுக்குள் இன்னொரு பயமும் இருக்கும்: இல்லை என்று முடிவு வந்துவிட்டால்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்குக் கர்ணன் கதை தெரியும். தமிழில் சொல்லப்படும் பாரதத்தில், ‘நான்தான் உன் தாய்’ என்று பல பெண்கள் கர்ணனைத் தேடி வருகிறார்கள். அவனிடம் ஒரு தெய்வீக ஆடை இருக்கிறது. பொய் சொல்பவர் உடுத்தினால் எரித்துவிடும். கடைசியில் குந்தி வருகிறாள். ஆயுள் முழுக்க அம்மாவுக்கு ஏங்கியவன், அவளுக்கும் அதே சோதனையைத்தான் வைக்கிறான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, வாங்கி உடுத்திக்கொள்கிறாள். அதற்குப் பிறகுதான் அவனால் சந்தேகம் இல்லாமல் அவள் மடியில் சாய முடிகிறது.

நிஜப் பிள்ளைக்கு ஒரு பஞ்சுக் குச்சியால் எந்த நஷ்டமும் இல்லை. 22 வருஷம் காத்திருந்த பெற்றோருக்கு இன்னும் சில வாரம் காத்திருப்பது கஷ்டம்தான். அந்தச் சில வாரம் கூடவே உட்கார்ந்திருக்க, சித்தி மகனோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, நிதானமாக யோசிக்கும் ஒரு ஆள் வேண்டும். இதைப் படிப்பவர்களில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வீட்டுக்கு அந்த ஆளாக இருக்க வேண்டிவரலாம்.